சுண்ணாம்புக் கலயம்

தொண்டியிலிருந்து தெற்கே ராமநாதபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடற்புறமாகத் திரும்பினால், கோட்டக்கரை ஆறு பாக் விரிகுடாவில் கலக்கும் முகத்தருகே, அலையாத்தி மரங்களின் அடர்த்தியை அரணாகவும் செங்கோல் மாதா கோவிலை நடுநாயகமாகவும் கொண்டு அமைந்திருக்கிறது காரங்காடு என்னும் மீனவர் ஊர். படகில் ஏறி அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்கவும், கரையிலேயே நண்டு சூப்பும் மீன் சோறும் உண்ணவும் வெளியூர்க்காரர்கள் திரண்டு வருவது சமீப காலத்து வழக்கம். அதற்கு முந்திய நெடுங்காலத்தில் இந்தக் கரையின் நாட்கள் வலையும் உப்பும் பனையும் ஜபமாலையுமாகவே கழிந்தன. அவற்றோடு குடியும் இருந்தது. குடியைப் பற்றிய சர்க்கார் தஸ்தாவேஜுகளுக்குக் குறைவில்லை. மரங்களின் தொகை அவற்றில் உண்டு, கடைகளின் தொகை உண்டு, ஏலத்தில் போன பணம் உண்டு, பிற்காலத்தில் கைதானவர்களின் தொகையும் உண்டு. குடியில் சிக்கிக்கொண்டவன் ஏன் விட முடியாமல் தவித்தான், விட்டவன் பிறகு எப்படிப் பிழைத்தான் என்ற கேள்விகளுக்கு மட்டும் அந்தக் கணக்கேடுகளில் ஒரு பத்தியும் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கப்படாத அந்தப் பத்தியே இங்கே நமக்கு விஷயம்.

நெய்தல் நிலத்துக்குக் கள் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் பௌர்ணமி நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, பனங்கள் பருகி விளையாடியதைப் பட்டினப்பாலை விவரமாகவே சொல்கிறது. அந்த வர்ணனையில் கவனிக்கத் தக்கது, குடிக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது என்பதும், ஒரு தெய்வம் சாட்சியாக இருந்தது என்பதும், ஊர் முழுதும் கூடியிருந்தது என்பதுமே. மறுநாள் விடிந்ததும் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் அதனுள் அடங்கியிருந்தது. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமையை வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே, தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக, அதுவும் அறத்துப்பாலில் அல்லாமல் பொருட்பாலில் வைத்தார். மனிதனைப் பற்றி இழுத்துக்கொண்டு போகிற பற்றுகள் மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்தியிருப்பதைப் பார்க்கும்போது, குடியை ஒரு குற்றமாக மட்டுமன்றி ஒரு பிணிப்பாகவும் அவர் கண்டிருக்கிறார் என்று கொள்வதில் தவறில்லை என்றே தோன்றுகிறது. அந்தப் பார்வை நம்முடைய அரசாங்கங்களுக்கு வந்துசேர வெகுகாலம் பிடித்தது.

கள்ளின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர் முதலில் பனையேறியின் தொழிலை அருகிருந்து பார்க்க வேண்டும். காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாட்பெட்டியுமாக மரத்தில் ஏறுகிறவர், விரியாத பாளையைக் கடிப்பு என்னும் மரக்கருவியால் இதமாக நசுக்கி, சில நாட்கள் கழித்து அதன் நுனியைப் பாளை அரிவாளால் கண்ணாடிபோல் மெல்லியதாகச் சீவி, அதன்கீழ் மண்கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சீவிய வாய் உலர்ந்துவிடாதபடி காலையும் மாலையும் ஏறி இறங்கியாக வேண்டும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால், வடிகிற நீர் புளிக்காமல் பதநீராக இறங்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால், காற்றிலும் கலயத்திலும் உறைந்திருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. விடியற்காலையில் இறக்கும்போது அது நுரை பொங்கும் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒருவரே. குழந்தைக்குக் கொடுக்கும் பானத்துக்கும் குடும்பத்தைக் குலைக்கும் பானத்துக்கும் இடையே நிற்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்புதான். இரண்டு நூற்றாண்டுகளாக அரசாங்கத்தின் கண் அந்தச் சுண்ணாம்பின்மீதே பதிந்திருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ராமநாதபுரம் சீமை 1803-ஆம் ஆண்டு நிரந்தர ஒப்பந்த ஜமீனாக ராணி மங்களேசுவரி நாச்சியாருக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் சென்னை அரசாங்கம் பிறப்பித்த 1802-ஆம் ஆண்டின் இருபத்தைந்தாவது ஒழுங்குமுறைச் சட்டம், ஜமீன்தார்களுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்தபோதே, உப்பு, சுங்கம் ஆகியவற்றோடு அப்காரி என்னும் மதுவரியையும் கும்பெனியார் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வகை செய்துவிட்டது. மரம் ஜமீனுக்கு, மரத்திலிருந்து இறங்கிய கள்ளின் வரி கும்பெனிக்கு என்ற இந்த விசித்திரப் பாகப்பிரிவினையின் காரணமாக, சேதுபதியின் சீமையில் ஒரு பனை இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்தது. முதலில் ஒரு பிரதேசத்தின் சாராய உரிமையை ஏலம் விட்டு, மிகுந்த தொகை கேட்டவனுக்கே முழு ஏகபோகத்தையும் கொடுக்கும் குத்தகை முறை நடந்தது. பிறகு 1886-ஆம் ஆண்டு சென்னை அப்காரிச் சட்டம் வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. கள் இறக்கும் மரத்துக்கு மரவரி. வரி கட்டிய மரத்தின்மேல் அடையாள எண். விற்பனைக் கடைக்குத் தனி ஏலம். கடைகளைக் குறைப்பதே நோக்கம் என்று அதிகாரிகள் அடிக்கடி எழுதினார்கள் என்றாலும், ஏலத் தொகை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருக்க, குத்தகை எடுத்தவன் போட்ட பணத்தை மீட்க எப்படி விற்பான் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். சென்னை மாகாணத்தின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மதுவிலிருந்து வரும் நிலை உண்டானது இவ்விதமாகத்தான்.

கடற்கரை ஊர்களில் குடி வேரூன்றியதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. உழவனுக்கு அறுவடையில்தான் பணம். கடலோடிக்கோ பாடு கிடைத்த அன்றே கையில் காசு. படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கும் வலைப் பங்கும் கழிந்தபின் எஞ்சியதை ஆளுக்கொரு கூறாகப் பிரித்துக்கொள்ளும் பங்குமுறையில், ஒரு நாள் நூறு, மறுநாள் வெறுங்கை. நிச்சயமில்லாத வருமானம் நிச்சயமில்லாத மனத்தையே வளர்க்கிறது. இரவெல்லாம் ஈரத்தில் நின்று வலை இழுத்தவன், உடம்பு வலிக்குத்தானே என்று சொல்லித் தொடங்குவது இன்றும் காதில் விழுகிற சமாதானம். கச்சான் காற்று கடுக்கும் நாட்களில் கடலுக்குப் போக முடியாமல் கரையில் முடங்கும்போது, வேலை இல்லாத மாலைப் பொழுதைக் கழிப்பதற்கு கள்ளுக்கடையை விட்டால் ஊரில் வேறு கூடுமிடமில்லை. வலி, குளிர், காசு, வெறும் பொழுது, கூட்டாளி என்ற இந்த ஐந்தும் ஓரிடத்தில் சேர்கிறபோது, கடைக்காரன் கூவி அழைக்க வேண்டிய அவசியமே இல்லை. கடனும் இதனோடு சேர்ந்தது. முன்பணம் வாங்கியவன் சம்மாட்டிக்குக் கட்டுப்பட்டவன் ஆகிறான். குடிக்காக வாங்கிய முன்பணத்தை மீனால் அடைக்க வேண்டியிருந்தது.

சீர்திருத்தக்காரர்கள் வராமலில்லை. அயர்லாந்தில் 1838-ஆம் ஆண்டு தியோபால்ட் மாத்யூ என்ற கப்புச்சின் சபைத் துறவி லட்சக்கணக்கானோரை மதுவிலக்குப் பிரதிக்ஞை எடுக்கச் செய்த விருத்தாந்தம் கத்தோலிக்க உலகெங்கும் பரவியிருந்தது. சில ஆண்டுகளில் பஞ்சமும் புலம்பெயர்வும் அங்கே வந்து சேர, பிரதிக்ஞை எடுத்தவர்களைத் தொடர்ந்து தாங்கி நிற்க அமைப்பு ஒன்று இல்லாமற்போனதால், அந்தப் பெருவெள்ளம் வடிந்துவிட்டது என்ற பிற்பகுதி அவ்வளவாகப் பரவவில்லை. விரிகுடாவுக்கு அப்பால் இலங்கையில் 1904-ஆம் ஆண்டிலும் 1912-ஆம் ஆண்டிலும் மதுவிலக்கு இயக்கம் மூண்டு, தேசிய அரசியலுக்கே அது முதற்படியாயிற்று. ஊரார் வாக்களித்துத் தம் ஊர்க் கடையை மூடிக்கொள்ளும் முறையும் பின்னர் அங்கே நடைமுறைக்கு வந்தது. நம் பக்கத்தில் 1910-ஆம் ஆண்டு தோன்றிய நாடார் மகாஜன சங்கம், கள் இறக்கும் தொழிலைத் தம் மக்கள் கைவிட வேண்டுமென்று ஊர் ஊராகச் சொல்லி வந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்ததும், ஈ. வெ. ராமசாமி சிறை சென்றபின் நாகம்மையாரும் கண்ணம்மாளும் அதை நடத்தியதும், அவர் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்கள் ஐந்நூற்றை வெட்டிச் சாய்த்ததும் யாவரும் அறிந்தவை. மரத்தை வெட்டியவரின் தியாகத்தில் சந்தேகமில்லை. எனினும் அங்கேயும் தண்டனை பெற்றது மரமேயொழிய, குடிகாரனுக்கு வைத்தியம் கிடைத்ததாகச் சொல்வதற்கில்லை.

இந்த நெடுங்கதையில் குடிப்பவனுடைய வீட்டுக்குள் எட்டிப் பார்த்த முதல் அரசியல்வாதி என்று ராஜாஜியைச் சொல்லலாம். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ஆசிரமம் அமைத்த அவர், 1929-இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை மதுவிலக்குக்கென்றே வெளியிட்டார். உதவியாசிரியராக இருந்து அதை நடத்தியவர் கல்கி. பத்து இதழ்களோடு நின்றுபோன அந்தப் பத்திரிகை வாயிலாக, கள்ளுக்கடை வாசலில் தொலைந்துபோகும் குடும்பங்களின் துயரம் வாசகர் மனத்தில் பதியும்படி கதைகளாகவும் சித்திரங்களாகவும் சொல்லப்பட்டது. 1937-இல் பிரதம மந்திரியானதும் அவர் சென்னை மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்து, அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் அதை அமலாக்கினார். வருமானம் போய்விடுமே என்ற அச்சத்துக்கு அவர் கண்ட பரிகாரம் 1939-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரி. நாம் இன்று கடைக்குக் கடை செலுத்திப் பழகிவிட்ட வரிக்குக் கள்ளுப்பானையே தாயாக இருந்தது என்பது பொருளாதார மாணவர்களுக்கேகூட வியப்பளிக்கும்.

ஆனால் சேலத்துப் பரிசோதனையில் நம் காரியத்துக்கு வேண்டிய அம்சம் வரியன்று. கடையை மூடினால் மாலைப்பொழுது திறந்து கிடக்கும் என்பதை ராஜாஜி உணர்ந்திருந்தார். ஆகவே சட்டத்தோடு கூடவே, கள்ளுக்கடை இருந்த ஊர்களில் தேநீர்க் கடைகள் வர வழி செய்வது, பஜனையும் புராணப் பிரசங்கமும் விளையாட்டும் ஏற்பாடு செய்வது, மிச்சமாகும் காசைச் சேமிக்கப் பழக்குவது என்ற துணை வேலைகளும் கலெக்டர் டிக்ஸன் துரையின் மேற்பார்வையில் அந்த ஜில்லாவில் நடந்தன. சேலத்தைப் பார்வையிட்டவர்கள் எழுதிய அறிக்கைகள், வீட்டில் உலை வைக்கும் வேளை கூடியதையும் கடன் குறைந்ததையும் சந்தோஷமாகப் பதிவு செய்தன. போதை போன இடத்தை வேறொன்றால் நிரப்ப வேண்டும் என்ற சூட்சுமம் அன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வருத்தம் என்னவென்றால், பிற்காலத்து அரசாங்கங்கள் சேலத்திலிருந்து சட்டத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, தேநீரையும் பஜனையையும் அங்கேயே விட்டுவிட்டன. குடித்துக் குடித்து உடம்பு கெட்டவனுக்கு வைத்தியம் என்ற விஷயமோ, ராஜாஜியின் திட்டத்திலும் கடை, வரி, மாலைப்பொழுது ஆகியவற்றுக்குக் கிடைத்த அளவு இடத்தைப் பெறவில்லை.

யுத்த காலத்துக் கவர்னர் ஆட்சியில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, 1946-இல் மறுபடி தொடங்கி ஜில்லா ஜில்லாவாக விரிந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன் மந்திரியாயிருந்தபோது 1948-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதையும் தழுவியது. ராமநாதபுரத்துக் கரையிலும் ஏலம் ஓய்ந்தது; கலயச் சோதனை தொடங்கிற்று. பதநீர் இறக்கலாம், கள் இறக்கக் கூடாது என்ற சட்டத்தின் தராசு முள், கலயத்துக்குள் சுண்ணாம்பு இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது. பனை வெல்லத் தொழிலை வளர்த்துப் பனையேறிகளைக் காப்பாற்ற வேண்டுமென்று ஜே. சி. குமரப்பா போன்றோர் முன்பே வற்புறுத்தியிருந்தபடி, கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்பட்டன. மாதா கோவில்களில் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்துக்குச் சட்டம் விலக்களித்தது. ஆனால் இவ்வளவு கவனமாக எழுதிய சட்டத்தில் நேற்று வரை நாள்தோறும் குடித்துவந்தவனுக்கு நாளை என்ன நேரும் என்பதற்கு ஏற்பாடில்லை. அவனுக்கு நேர்ந்ததை ஊரே அறியும். கருவேலங்காட்டுக்குள் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சிய பட்டைச் சாராயம் இரவில் கைமாறியது. நாலைந்து சதவீதச் சத்துள்ள கள்ளைக் குடித்தவன், அதைப்போலப் பன்மடங்கு உக்கிரமானதை மறைவில் நின்று ஒரே மூச்சில் விழுங்கப் பழகினான். பிடிபட்டால் அபராதமோ சிறையோ. சிறைக்குள் கை நடுங்கிப் பிதற்றினால் பேய் பிடித்ததென்றார்கள், அல்லது நடிக்கிறான் என்றார்கள்.

அந்த நடுக்கம் நடிப்பன்று. மது மூளையின் பரபரப்பைத் தணிக்கும் இயல்புடையது. நாள்தோறும் அதை ஊற்றிக்கொண்டே வந்தால், மூளை தன் சமநிலையைக் காப்பதற்காகப் பரபரப்பை உயர்த்தி உயர்த்தி வைத்துக்கொள்ளுகிறது. இதனால்தான் முதலில் ஒரு குவளையில் வந்த சுகத்துக்குப் பின்னாளில் நாலு குவளை வேண்டியிருக்கிறது. திடீரென்று மதுவை நிறுத்திவிட்டால், எதிர்த்து நிற்க ஆளில்லாமல் அந்தப் பரபரப்பு முழுவதும் வெளியே பாய்கிறது. சில மணி நேரத்தில் வேர்வையும் கைநடுக்கமும், இரண்டொரு நாளில் சிலருக்கு வலிப்பும், அதற்கடுத்து இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரியும் சித்தப்பிரமையும் வந்து, கவனிப்பார் இல்லையேல் உயிரையும் கொண்டுபோய்விடும். சிகிச்சை இன்று எளிது. பரபரப்பை மெல்லக் குறைக்கும் மருந்தும், பி1 உயிர்ச்சத்தும், ஒரு வார மேற்பார்வையும் பெரும்பாலோரைக் கரைசேர்த்துவிடும்.

ஆனால் உடம்பு கரைசேர்ந்ததோடு காரியம் முடிந்துவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. இதற்கு நம் ஊர் வழக்கங்களே சாட்சி. காரங்காடு போன்ற கத்தோலிக்க ஊர்களில் தவக்காலம் நாற்பது நாளும் புலாலையும் குடியையும் தொடாமல் இருக்கிறவர்கள் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் காக்கிறவர்கள் உண்டு. ரமலான் மாதத்தில் ஒதுங்கியிருக்கிறவர்களும் உண்டு. இவர்களுள் குடிக்கு அடிமையானவர்களும் இருக்கிறார்கள். நாற்பது நாள் இருக்க முடிந்தவனுக்கு நாற்பத்தோராம் நாள் ஏன் முடியவில்லை? விரத காலத்தில் அவனுக்கு ஒரு ஆடை இருக்கிறது, ஒரு கூட்டம் இருக்கிறது, விடியற்காலையில் எழுவதற்கு ஒரு முகாந்தரம் இருக்கிறது, சாமி என்று அழைக்கும் ஊர் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முடிவு தேதியும் இருக்கிறது. மாலையைக் கழற்றிய அன்றோ, உயிர்ப்புத் திருநாளின் இரவிலோ, இவை யாவும் ஒருசேர அவனை விட்டுப் போய்விடுகின்றன. நிறுத்த முடிந்ததே, ஆகையால் நான் அடிமையல்லன் என்று அவன் செய்துகொள்ளும் அனுமானம்தான் நோயின் மிகச் சூழ்ச்சியான பகுதி. குடிநோய் என்பது நிறுத்த முடியாமையில் இருப்பதைவிட, நிறுத்திய நிலையிலேயே நீடிக்க முடியாமையில்தான் அதிகம் இருக்கிறது.

இந்த உண்மையை வேறொரு மூலையில் இரண்டு குடிகாரர்கள் கண்டார்கள். சேலத்தில் சட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1935-இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் ஒருவரும் அறுவை வைத்தியர் ஒருவரும் சந்தித்து, ஒருவருக்கொருவர் தம் கதையைச் சொல்லிக்கொண்டதிலிருந்து பிறந்தது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் சங்கம். வாழ்நாள் முழுவதற்கும் பிரதிக்ஞை எடுக்கச் சொல்லாமல் இன்று ஒரு நாள் மட்டும் என்று அவர்கள் வைத்த கணக்கு, விரதத்தின் முடிவு தேதியை இல்லாமலாக்கிவிட்ட சாமர்த்தியமான கணக்கு. மாத்யூ பாதிரியார் ஜனத்திரளுக்கு முன்னால் வாங்கிய சத்தியத்தைத் தாங்க மறுநாள் யாருமில்லை. இவர்களுக்கோ மறுநாளும் கூட்டம் உண்டு. இந்தியாவிலும் பரவிய இந்தச் சங்கத்தின் கூட்டங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் தேவாலய வளாகங்களிலும் பள்ளிக்கூட அறைகளிலும் கட்டணமின்றி நடந்து வருகின்றன. வைத்தியத்தின் பக்கத்தில், சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு அமலான அதே 1948-ஆம் ஆண்டில், கோபன்ஹேகனில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், வயிற்றுப் பூச்சிக்கென்று பரிசோதித்த ஒரு மருந்தை உட்கொண்டவர்கள் மது அருந்தினால் முகம் சிவந்து குமட்டி நிலைகுலைவார்கள் என்று வெளியிட்டார்கள். டைசல்பிராம் என்ற அந்த மருந்து, நோயாளியின் சம்மதத்தோடும் வைத்தியரின் கண்காணிப்போடும் கொடுக்கப்பட்டால் நல்ல ஊன்றுகோல். குழம்பில் கலந்து தெரியாமல் கொடுக்கலாம் என்று நம் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் விளம்பரம் செய்கிற பொட்டலங்களை நம்பிய மனைவிமார்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் ஏமாற்றம். சில வேளைகளில் அதைவிட மோசமான விபரீதம். தெரியாமல் கொடுத்த மருந்தை உண்டவன் விடுதலையை நாடிய மனிதனாக ஆவதில்லை.

அரசியல் விருத்தாந்தத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. தளர்த்த வேண்டாம் என்று மன்றாடுவதற்காகத் தொண்ணூற்றிரண்டு வயதில் ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் மு. கருணாநிதியின் இல்லம் தேடிச் சென்றார். 1974-இல் கடைகள் மறுபடி மூடப்பட்டன. 1981-இல் மறுபடி திறக்கப்பட்டன. 1983-இல் டாஸ்மாக் கழகம் தோன்றியது, 1987 முதல் கள்ளுக்குத் தடை, 1991-இல் மலிவு விலைச் சாராயத்துக்கு முடிவு, 2003-இல் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கையில். இத்தனை திறப்புக்கும் இத்தனை மூடலுக்கும் ஆதாரமாக நிற்பது 1937-ஆம் ஆண்டின் அதே மதுவிலக்குச் சட்டம்தான் என்பதை நினைக்கும்போது, சட்டத்தின் பெயருக்கும் அதன் நிழலில் நடக்கும் வியாபாரத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க நமக்குக் கோல் இல்லை. சேலத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாள், ஒரு கடையை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறி 2015-இல் உயிர்விட்டதும் இந்தத் தூரத்துக்கு நடுவே நிகழ்ந்ததுதான். கிராம சபைகள் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டாலும், இலங்கையில் ஊரார் வாக்குக்கு இருந்த வலு அவற்றுக்கு வாய்க்கவில்லை. மலிவைத் தேடி மறைவில் குடிப்பதும் ஓயவில்லை. 2023-இல் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரிலும், மறுவருஷம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பது அண்மைச் செய்தி.

குடிப்பவனைக் கணக்கெடுக்கும் வேலையைத் தொடங்கியது அரசாங்கமல்ல, துக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி. டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தைச் சேர்ந்த டி. டி. ரங்கநாதன் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தபின், அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் அவர் பெயரால் ஒரு சிகிச்சை நிறுவனத்தை ஏற்படுத்தினார். குடி ஒரு நோய், குடிப்பவர் ஒரு நோயாளி, வீட்டாரும் அந்நோயால் பாதிக்கப்பட்டவர்கள் என்ற மூன்று வாக்கியங்களை ஊரறியச் சொல்லுவதற்கு அன்று தைரியம் வேண்டியிருந்தது. செல்வமும் கல்வியும் மிகுந்த குடும்பத்திலிருந்தே அந்தச் சொல் வந்ததால், இது ஏழைகளின் ஒழுக்கக் கேடு என்ற வசதியான நம்பிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விருதைவிட நமக்கு முக்கியமானது, அந்நிறுவனம் 1989-இல் பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த மஞ்சக்குடி என்ற கிராமத்தில் தொடங்கிய முகாம். நோயாளியைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைக்காமல், ஆஸ்பத்திரியையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளூர் அமைப்பு ஒன்று இடமும் ஆதரவும் தர, பதினைந்து நாட்கள் அங்கேயே தங்கவைத்து, முதலில் நடுக்கத்துக்கு மருந்து, பிறகு விளக்கப் பேச்சு, கூட்டு உரையாடல், வீட்டாருக்குத் தனி அமர்வு என்று முறை வகுத்தார்கள். அத்தோடு விட்டுவிடாமல், முகாம் முடிந்தபின்னும் குறித்த நாட்களில் அதே ஊருக்கு வந்து ஒவ்வொருவரையும் பார்த்தார்கள். அந்த அனுபவத்தை 1994-இல் ஒரு சர்வதேச மருத்துவ சஞ்சிகையில் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். கிராமத்தில் மறைவு என்பது கிடையாது. இது முதலில் பெருங்குறையாகத் தோன்றினாலும், சிகிச்சைக்கு அதுவே மூலதனமாயிற்று. முகாமுக்குப் போனவன் யார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஆகவே அவன் மீண்டதும் ஊருக்கெல்லாம் தெரிந்தது, மறுமுகாமுக்கு ஆள் சேர்க்க அவனே போனான். ராஜாஜி சேலத்தில் மாலைப்பொழுதை நிரப்ப விரும்பினார் என்றால், மஞ்சக்குடிக்காரர்கள் அந்த மாலைப்பொழுதுக்கு ஒரு முகத்தையும் பெயரையும் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

மீட்சி என்பது எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்கள் அநேகமாக ஒரு பெரிய மனமாற்றத்தை எதிர்பார்க்கிறார்கள். அனுபவஸ்தர்கள் சொல்வதோ அற்பமாகத் தோன்றும் சங்கதிகள். கரைக்கு வந்ததும் பங்குப் பணத்தைத் தன் பையில் போடாமல் நேரே மனைவி கையில் கொடுக்கச் சொல்லிவிடுவது. கடை இருக்கும் தெருவை விட்டு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போவது. ‘ஒரு கட்டிங் போடு மாப்ளே’ என்று தோளில் கைபோடும் கூட்டாளிக்குச் சொல்ல ஒரு பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது. பசியோடும் கோபத்தோடும் தனியாக உட்காராமல் இருப்பது. முதல் மூன்று மாதங்களே மிகவும் வழுக்கலானவை. சறுக்கினால் எல்லாம் போயிற்று என்று கைவிடுவது நோயாளியின் வழக்கம். பார்த்தாயா, இவன் திருந்த மாட்டான் என்பது ஊரின் வழக்கம். சர்க்கரை வியாதிக்காரன் ஒரு நாள் பாயசம் உண்டுவிட்டால் அவனை வீட்டைவிட்டுத் துரத்துவாரில்லை. குடிநோயாளிக்கு அந்தச் சலுகை கிடைக்கச் செய்வதே பாதி வைத்தியம். எல்லாவற்றிலும் கடினமானது, வீட்டாருடைய நம்பிக்கை. புருஷன் ஆறு மாதம் குடிக்காமல் இருந்தபின்னும், அவன் வர அரைமணி நேரம் தாமதித்தால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிற மனைவியைக் குறை சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. அவளுக்கும் ஒரு நடுக்கம் உண்டு, அதற்கு மாத்திரை கிடையாது.

2025-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. கடையை நடத்தும் கையே சிகிச்சையையும் நடத்துகிறது என்று இதைப் பரிகாசம் செய்வது எளிது, செய்தவர்களும் உண்டு. மரத்தையும் கலயத்தையும் மட்டுமே எண்ணிப் பழகிய அரசாங்கம், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னராவது மனிதனுக்கு ஒரு படுக்கையை ஒதுக்கியிருக்கிறதே என்று நான் திருப்தி கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் காரங்காட்டுக் கடலோடி ஒருவன் அந்தப் படுக்கைக்கு வருவதற்கு நடுவில் இன்னும் ஒரு தடை நிற்கிறது. பதினைந்து நாள் கரையில் தங்கினால் பதினைந்து நாள் பங்கு இல்லை. படகில் அவன் இடத்துக்கு வேறொரு ஆள் ஏறிவிட்டால் திரும்பி வரும்போது இடமும் இல்லை. வேலையில்லாமல் வீடு திரும்பிய புதிதில் அவனை முதலில் விசாரிக்க வருகிறவன் பழைய கூட்டாளியாகவே இருப்பான். அலையாத்திக் காட்டுக்கு வரும் விருந்தினர்களைப் படகில் அழைத்துச் செல்லவும் அவர்களுக்குச் சமைத்துப் போடவும் ஊராரே குழுவாகச் சேர்ந்து நடத்தும் புதிய வேலை, கடலை மட்டுமே நம்பாத ஒரு சம்பாத்தியத்தையும், பகலில் தெளிவாக நிற்க வேண்டிய ஒரு பொறுப்பையும் இப்போது இங்கே உண்டாக்கியிருக்கிறது. மஞ்சக்குடியில் முகாமுக்கு இடமும் ஆதரவும் தந்தது கிராமமே. இங்கேயும் ஒரு முகாம் வருமானால், முகாமில் இருப்பவனுடைய இடத்தைப் பதினைந்து நாள் காலியாக வைத்திருக்கச் சம்மாட்டிகளும், அவன் வீட்டுக்கு அரைப் பங்காவது கொடுத்துவிடக் கூட்டாளிகளும் ஊர்க் கூட்டத்தில் முன்னதாகவே ஒப்புக்கொண்டாக வேண்டும்.